கொழும்பில் ஒரு புதன்கிழமை மாலை சும்மா கிடைத்தால்

வன்னியில் இருந்து கொழும்புக்கு ஊர் பார்க்கவென்று போகிறவர்கள் குறைவு. கிளினிக், விசா நேர்முகம், ஏதோ ஒரு அமைச்சில் கையெழுத்து, வெளிநாடு போகிற பிள்ளையை ஏற்றிவிடுவது, இப்படித்தான் போகிறோம். இதெல்லாம் வேலை நாளில் நடக்கிற காரியங்கள். அதனால் நாங்கள் கொழும்பில் நிற்கிற நாள் அநேகமாக செவ்வாயாக, புதனாக, வியாழனாக இருக்கும். இரவு பஸ் ஏறி, விடியக் கருக்கலில் இறங்கி, முகம் கழுவி, வரிசையில் நின்று, மத்தியானம் ஒன்று இரண்டு மணிக்குள் வந்த வேலை முடிந்துவிடும். திரும்புகிற பஸ் இரவில்தான். இடையில் கிடக்கிற அந்த ஆறேழு மணித்தியாலத்தை வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலோ, பஸ் புக்கிங் கடை வாங்கிலோ நித்திரை தூங்கிக் கழித்துவிட்டு ஊருக்கு வருகிறோம். விசுவமடுவில் எங்கள் அயலில் வருடக்கணக்காகக் கொழும்பு கிளினிக்குக்குப் போய் வருகிற ஒரு அக்கா காலி முகத்திடலை பஸ் கண்ணாடிக்குள்ளால் மட்டும்தான் பார்த்திருக்கிறா. அவவுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இது வேறு பலருக்கும் பொருந்தும்.

அம்மாவுக்கு இதய வருத்தம். சில மாதங்களுக்கு ஒருமுறை கொழும்பில் காட்ட வேண்டும், கூட்டிக்கொண்டு போவது நான். கையில் இருக்கிற காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வெளியில் வாங்கச் சொல்லுகிற மருந்துக்கும் சரி. பொழுதுபோக்குக்கென்று தனியாக எடுத்து வைக்க ஒன்றும் இருக்காது. அப்படிப் போய் வந்தபடியே நான் கண்டுகொண்டது என்னவென்றால், அந்த நகரத்தில் நல்லவற்றில் பாதி இலவசம், மிச்சத்தில் பாதி இலங்கையருக்கு மிகக் குறைந்த கட்டணம், அதுவும் வார நடுவில் சனம் குறைவாக இருக்கும்போது நின்று நிதானமாகப் பார்க்கலாம். சனி ஞாயிறில் போகிற கொழும்பார் இடிபடுகிற இடத்தில் நாங்கள் கதிரையில் இருந்து பார்க்கலாம்.

முதலில் இடங்களை மூன்று கூறாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: கோட்டை, புறக்கோட்டை, கொச்சிக்கடைப் பக்கம் ஒன்று, நகர மண்டபம், கறுவாத்தோட்டப் பக்கம் ஒன்று, கொள்ளுப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை வரை காலி வீதியோடு போகிற பக்கம் ஒன்று. வருத்தக்காரரையோ சின்னப் பிள்ளைகளையோ வைத்துக்கொண்டு ஒரு பின்னேரத்தில் இரண்டு கூறைத் தொட நினைக்க வேண்டாம். பாதி நேரம் பஸ்ஸுக்குள் போகும், மிச்சப் பாதி ஓட்டோவுக்குக் காசு கொடுப்பதில் போகும். எங்கே வேலை முடிகிறதோ அந்தக் கூறிலேயே நின்றுவிட்டு, பொழுதுபட காலி வீதிக்கு வந்தால் போதும். யாழ்ப்பாணம் போகிற சொகுசு பஸ்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இருந்து வெளிக்கிடுவது எங்களுக்குப் பெரிய வசதி, ஏனென்றால் தமிழ் நிகழ்ச்சிகள் நடக்கிற மண்டபங்களும் அந்த ஒரே நீட்டில்தான் இருக்கின்றன. காலையில் வந்து இறங்கியதுமே இரவு பஸ்ஸுக்குச் சீட் பதிந்து, பையை அந்தப் புக்கிங் கடையில் வைக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பை இல்லாத மனிதருக்கு எல்லா ஊரும் லேசாகத் தெரியும். மருந்துகளும் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் மட்டும் கையோடு இருக்கட்டும்.

கறுவாத்தோட்டப் பக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், என் மனதுக்குப் பிடித்ததும் அதுதான். புறக்கோட்டையில் இருந்து 138 பஸ் ஏறினால் நகர மண்டபத்தடியில் இறங்கலாம். எதிரே விகாரமகாதேவி பூங்கா, உள்ளே போகக் காசில்லை, பெரிய பெரிய மர நிழல், அம்மா சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வது அங்கேதான். பூங்காவை ஒட்டிப் போகிற ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியோடு சாத்தியும் தொங்கவிட்டும் வைத்திருப்பார்கள். வாங்கச் சொல்லி யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். யானை, தாமரை, மீன்காரர் என்று ஒரே மாதிரிப் படங்கள்தான் கூட, ஆனால் இடைக்கிடை ஒருவர் அந்த இடத்திலேயே இருந்து கீறிக்கொண்டிருப்பார், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வார நாளில் அவர்களுக்கும் வேலை குறைவு, கேட்டால் கதைப்பார்கள்.

கொஞ்சம் தள்ளி தேசிய நூதனசாலை. இது இலவசம் இல்லை, ஆனால் எங்களுக்கான கட்டணம் ஒரு சிற்றுண்டிச் செலவளவு. 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த கட்டடம், ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தது. கண்டி அரசர்களின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் முதலில் பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகள் இருக்கிற இடத்தைக் கேட்டுப் போங்கள். நடராசர் இருக்கிறார், சுந்தரர் இருக்கிறார். சுந்தரர் திருக்கேதீச்சரத்தில் பதிகம் பாடியவர் என்று அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மாந்தையில் இருக்கிற அந்தக் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு சிவராத்திரியும் அதைப் பாடுகிறவ அவ. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, சின்னக் குரலில் அந்தப் பதிகத்தைத் தொடங்கினா. காவலாளி பக்கத்தில் வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் பார்க்க, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முடியும் மட்டும் நின்று கேட்டுவிட்டு, சிங்களத்தில் அம்மாவிடம் ஊர் எது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போகிற நேரத்தில் இது நடந்திருக்காது.

அதே நூதனசாலையில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு திகதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டியது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை கொடுத்ததாக எழுதியிருக்கிறது. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகுக் கல்லாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்துபோய்விட்டது, எங்களால் வாசிக்க ஏலாது. ஆனாலும் 600 வருடத்துக்கு முன்னம் இந்தத் தீவின் தெற்குக் கரையில் ஒரு வெளிநாட்டுக்காரன் கல்லில் எழுத நினைத்தபோது தமிழையும் எழுத வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் முன்னால் நான் கனநேரம் நின்றேன். வன்னியில் படிக்கிற பிள்ளைகளை ஒருமுறையாவது இந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், கிளினிக்குக்கு அம்மம்மாவோடு போகிற பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே நிறுத்தலாம்.

அந்தப் பக்கத்திலேயே இந்தியக் கலாசார நிலையம் இருக்கிறது, சுவாமி விவேகானந்தர் பெயரில். இசை, நடன நிகழ்ச்சிகள் பல அனுமதி இலவசமாக நடக்கும், மாலை ஆறு மணியை ஒட்டி. முன்னதாகப் போகிறவருக்குத்தான் கதிரை. லயனல் வென்ட் அரங்கில் நாடகங்களுக்கு ரிக்கற் வேண்டும், ஆனால் அதே கட்டடத்தில் ஓவியக் கண்காட்சி நடந்தால் சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாம். முதலில் எனக்கும் இப்படியான இடங்களின் வாசலில் கால் கூசும். பளபளவென்ற நிலமும் ஆங்கிலத்தில் கதைக்கிற ஆட்களுமாக இருக்கும். ஆனால் கண்காட்சி என்றால் யாரும் வரத்தான் வைக்கிறார்கள், உங்களை யார் என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் “படம் பார்க்க வந்தனான்” என்று தமிழிலேயே சொல்லுங்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் வந்தால் 2019இல் தொடங்கிய நவீன சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போனபோது கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இருந்தது. அனுமதி இலவசம், எல்லா விளக்கமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே அளவு எழுத்தில். கொழும்பில் அது எவ்வளவு பெரிய விசயம் என்று வரிசைகளில் படிவம் நிரப்பிப் பழகியவர்களுக்குத் தெரியும். போரையும் காணாமல் போனவர்களையும் பற்றிய வேலைப்பாடுகள்கூட அப்படியான கண்காட்சிகளில் வரும், அதனால் வருத்தக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் தாங்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிடுவது நல்லது. கழிப்பறைக்கும் இப்படிப்பட்ட கடைத்தொகுதிகள்தான் கைகொடுக்கும். நீரிழிவுக்காரரோடும் வயதான பெண்களோடும் திரிகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி, அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்: எங்கே போனாலும் அடுத்த சுத்தமான கழிப்பறை எங்கே என்று தெரிந்துகொண்டு வெளிக்கிடுங்கள்.

கோட்டைப் பக்கம் வேலை என்றால் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை. இதுவும் இலவசம். இது வேலை நாளில் திறக்கிற இடம், ஞாயிறு பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடைக்காது, எங்களுக்குத்தான் கிடைக்கும். பழைய நாணயங்கள், நோட்டுகள். யாழ்ப்பாண அரசர்களின் நந்தி போட்ட சேதுக் காசையும் தேடிப் பாருங்கள். கட்டடத்தின் உயரமான தூண்களைப் பார்க்கவே போகலாம். உள்ளே குளிராகவும் இருக்கும், மத்தியான வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் கோட்டையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். செவ்வாய் அவருக்குரிய நாள், எல்லாச் சமயத்துச் சனமும் வரும், மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் சேலை கட்டிப் பொட்டு வைத்த பெண்களும் நிற்பார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பு எல்லோருக்கும் தெரியும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், அதற்கும் பை சிறிதாக இருப்பது நல்லது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பொன்னம்பலவாணேசர் கோயில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்தது. தமிழ்நாட்டுக்குப் போய்க் கற்கோயில் பார்க்க வசதியில்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். பகல் பூசை முடிந்து நடை சாத்திவிட்டால் பின்னேரம்தான் திறப்பார்கள், அதைப் பார்த்து நேரம் வையுங்கள்.

இனி வெள்ளவத்தை. 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது. நூலகம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, புதன் மாலைகளில் ‘அறிவோர் ஒன்றுகூடல்’ என்று ஒருவர் வந்து ஒரு விடயத்தைப் பேசுகிற வழக்கமும் அங்கே உண்டு. புதன் கிளினிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? போக முன்னம் ஒருமுறை போன் எடுத்துக் கேளுங்கள், நிகழ்ச்சி மாறுவதும் தள்ளிப் போவதும் உண்டு. நூல் வெளியீடுகளும் அடிக்கடி நடக்கும். பத்திரிகைகளில் நிகழ்வுகள் என்று ஒரு சின்னப் பகுதி வரும், சங்க வாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள், பேஸ்புக்கிலும் அழைப்பிதழ் சுற்றும்.

நூல் வெளியீட்டுக்குப் போகாதவர்களுக்கு அதன் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழைப்பிதழ் கையில் இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்கிறவர்கள் அதிகம். அழைப்பிதழ் தேவையில்லை. ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஐந்தரை தாண்டித்தான் விளக்கேற்றுவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை என்று போய், ஆய்வுரையில்தான் சாரம் இருக்கும், அதைத் தவறவிட வேண்டாம். பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள் என்று பெயர் வாசித்து மேடைக்குக் கூப்பிட்டு, கடித உறை கொடுத்துப் புத்தகம் வாங்குவார்கள். அது அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்தது, பின் வரிசையில் இருக்கிற உங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. இடையில் தேநீரும் வடையோ பற்றீஸோ வரும், தயங்காமல் எடுங்கள். அம்மா அங்கே ஒரு முதிய எழுத்தாளருக்குப் பக்கத்தில் இருந்து, “தம்பி என்ன எழுதியிருக்கிறியள்?” என்று எண்பது வயதுக்காரரைக் கேட்க, அவர் முறிகண்டியில் தான் ஆசிரியராக இருந்த காலத்தைக் கதைக்கத் தொடங்கிவிட்டார். பஸ் நேரத்துக்கு நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒன்பது மணி பஸ் என்றால் எட்டு மணிக்கு எழும்புங்கள். வாசல் பக்கக் கதிரையில் இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வரலாம்.

வேலை இரண்டு மூன்று நாள் இழுத்து நடுவில் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை வந்துவிட்டால் அலுவலகமும் கிளினிக்கும் இல்லை, பல காட்சிசாலைகளும் பூட்டு. அன்றைக்குத்தான் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமிக் கவியரங்கு வைக்கிறது, புறக்கோட்டைக்குக் கிட்ட கொழும்பு 12இல். யாரும் எழுதி வந்த கவிதையை வாசிக்கலாம். வெசாக் போயாவாக இருந்தால் கங்காராமைப் பக்கம் வெளிச்சக் கூடுகளும் தன்சலும். வரிசையில் நின்றால் யாருக்கும் சாப்பாடு கிடைக்கும்.

காலி முகத்திடலைக் கடைசியில் வைத்தது, அது எல்லாருக்கும் தெரிந்த இடம் என்பதால். ஆளுநர் ஹென்றி வாட் 1859இல் அந்தக் கடற்கரை நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேண வேண்டும் என்று பின்வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் தனியாகவும் தயங்காமல் இருக்கக்கூடிய இடம், வார நாளில் காற்று வாங்க வந்த குடும்பங்களும் பட்டம் விடுகிற பிள்ளைகளும்தான். இறால் வடை வாங்க முன்னம் விலை கேளுங்கள். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 மே 18, அதுவும் ஒரு புதன்கிழமை, போராட்டம் நடந்துகொண்டிருந்த அந்தத் திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றி, கஞ்சி கொடுத்தார்கள். போரின் கடைசி நாட்களில் அப்படியான கஞ்சியைக் குடித்து உயிர் தப்பிய சனம் நாங்கள். இப்போது அங்கே நிற்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்த இடம் கொஞ்சம் சொந்த இடம் போல இருக்கிறது என்று சொல்லுவா. எனக்கும் அப்படித்தான்.

கொழும்பில் இப்படித் திரியப் பழகிய பிறகு ஊரிலும் வார நாளை வேறு மாதிரிப் பார்க்கிறேன். எங்களுக்கு இது புதிதே இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில்தான் வருகிறது, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிகிற அந்த வாரத்தில் பெரும்பாலும் வேலை நாள்தான், அதற்காகச் சனம் வராமல் விடுவதில்லை. விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் வயலுக்குப் போன ஆட்கள் எங்கள் தாத்தாமார். இடம்பெயர்வுக்குப் பிறகுதான் வேலை நாள் என்றால் வேலை, லீவு என்றால் நித்திரை என்று ஆகிவிட்டது. இப்போது பிள்ளைகளின் ரியூசன் இல்லாத ஒரு பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போகிறோம், மாரியில் வான் கதவு திறந்தால் வார நாளென்றும் பார்ப்பதில்லை. கிளிநொச்சியில் பாடசாலை ஒளிவிழா, வாணி விழா, பிரதேச கலாசார விழா என்று பொது மண்டபத்தில் நடக்கிறவைக்கும் அழைப்பு வராவிட்டாலும் போய்ப் பின்னால் இருக்கிறோம்.

திரும்பி வருகிறதைப் பற்றிக் கடைசியாக ஒன்று. இரவு பஸ் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வரும்போது விடியாத நேரம். முல்லைத்தீவு வீதிக்கு முதல் பஸ் வரும்வரை பரந்தன் சந்தியில் நிற்க வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளோடு வர யாரையாவது முதல் நாளே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தாமதமான பஸ்ஸில் சீட் போட்டால் விடிந்தபின் இறங்கலாம். ஏறும்போதே நடத்துநரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்லி, போனில் அலாரமும் வைத்துவிடுங்கள். சுற்றித் திரிந்த களைப்பில் ஆனையிறவு தாண்டித்தான் கண் முழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.